நிழல் பக்கத்து வீடும் ரெண்டு ஆள் வேலையும்

இந்த வருஷம் நிழல் பக்கத்தில் ஒரு வீடு வாங்கியே தீருவது என்று சாமான்காரர் முடிவெடுத்தபோது, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒருவர் விலை பேசிக்கொண்டிருந்தார். முடிவை எடுத்த கையோடு எழுந்து நாற்காலியையும் கொடுத்துவிட்டார். இரண்டுமே நல்ல காரியம் என்று அவருக்குத் தோன்றியது.

பழைய மரச்சாமான்களை வாங்கி விற்பது அவர் தொழில். கீழே கடை, மேலே இரண்டு அறையில் குடித்தனம். கடையில் இடம் கிடைக்காத சோபாக்கள் படியேறி வந்து குடும்பத்தோடு தங்கிவிடும். கட்டிலுக்குப் போக வேண்டுமென்றால் சோபாக்களைத் தாண்டித்தான் போக வேண்டும். இரண்டாவது படிக்கும் மகள் ஒரு பெரிய பீரோவுக்குள் உட்கார்ந்து பாடம் எழுதுவாள். யாராவது வந்து பீரோவைத் திறந்து பார்த்தால், "இது விக்கிறதுதான், நான் மட்டும் இல்ல" என்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்தாள்.

மனைவி சோபாக்களுக்கு மெத்தை தைப்பவள். அதிகம் பேசமாட்டாள். ஊசியை எங்கே குத்தினால் எங்கே வெளியே வரும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு இருந்த ஒரே ஆற்றாமை, எது வீட்டுச் சாமான், எது கடைச் சாமான் என்று புருஷனுக்கு வித்தியாசமே தெரியாது என்பதுதான். போன மாசம் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையையே விற்றுவிட்டார். வாங்கியவர் நல்ல மனுஷர், அவள் தட்டைக் கையில் எடுத்துக்கொள்ளும் வரைக்கும் காத்திருந்தார்.

"ஏங்க, நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

"நீ ரசிச்சு சாப்பிடறதைப் பார்த்துத்தான் அவருக்கு மேசையே பிடிச்சுப்போச்சு. இது உன்னால வந்த விலை."

"காலைல இருந்த இடத்துல சாயங்காலமும் இருக்கற மாதிரி எனக்கு ஒரே ஒரு மேசை வேணும். வேற ஒண்ணும் கேக்கல."

"மேசை என்ன பெரிய மேசை. வீடே வாங்கித் தர்றேன். அதுவும் நிழல் பக்கத்துல."

நிழல் பக்கம் நகரத்தின் நட்டநடுவில் இருக்கிறது. தெருவுக்கு இரண்டு பக்கமும் பெரிய பெரிய மரங்கள், மேலே போய்க் கைகோத்துக்கொண்டு நிற்கும். உச்சி வெயிலில் நடந்தாலும் தலை சுடாது. அங்கே நாய்கூட மெதுவாகத்தான் குரைக்கும், அதுவும் பக்கத்து வீட்டில் யாரும் தூங்கவில்லை என்று பார்த்துக்கொண்டு. எந்த ஊரிலிருந்து யார் வந்தாலும், "எங்க இருக்கீங்க?" என்று கேட்டு, "நிழல் பக்கம்" என்று பதில் வந்தால் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள். சாமான்காரரிடம் நாற்காலி ஏராளமாக இருந்தது. உட்காரச் சொல்லத்தான் ஆள் இல்லை.

மனைவியிடம் சொல்லாத ஒரு கணக்கும் அவர் மனசில் இருந்தது. நிழல் பக்கத்து வீட்டில் முன் அறையை மட்டும் கடையாக்கிவிட வேண்டும். இங்கே தூசியில் கிடக்கும் முக்காலியை அங்கே ஒரு ஜன்னலோரம் வைத்தால் அதுவே அரண்மனைச் சாமான். போர்டுகூட எழுதி வாங்கிவிட்டார். கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். அவள் பெருக்கும்போது அதை நகர்த்திப் பெருக்குகிறாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

ஒரு நாள் வீட்டுப் புரோக்கர் ஓடி வந்தார்.

"சாமான்காரரே, கிடைச்சிருச்சு. ரெண்டு மாடி வீடு. கீழ்வீடு மட்டும் விலைக்கு வருது. வீட்டுக்காரங்க ஒரு நர்ஸம்மா. பெரிய ஆஸ்பத்திரியில தலைமை நர்ஸா இருந்து ஓய்வு வாங்குனவங்க. மேல் வீட்டுல அவங்களே இருப்பாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை பார்க்கலாம். ஆனா போட்டி இருக்கு. ஒரு பல் டாக்டர் வர்றார், ஒரு வக்கீல் வர்றார்."

சாமான்காரருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியைப் பக்கத்துச் சோபாவில் உட்கார வைத்துத் திட்டத்தைச் சொன்னார்.

"ரெண்டு ஆள் வேலைதான் செய்யப் போறோம்."

அது அவர்கள் தொழிலில் பழைய வித்தை. ஒரு வீட்டில் நல்ல அலமாரி விலைக்கு வந்தால் முதலில் அவர் போவார். தட்டுவார், மோந்து பார்ப்பார், உச்சுக் கொட்டுவார். செல்லரித்தது, வளைந்தது என்று நூறு குறை சொல்லிப் பாதி விலை கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்துவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து, முன்பின் தெரியாதவள் மாதிரி அவள் போவாள். பாதிக்கு மேலே துளி கூட்டிச் சொல்வாள். அந்த வீட்டுக்காரர்கள் தெய்வமே வந்த மாதிரி கொடுத்துவிடுவார்கள்.

"அலமாரியும் வீடும் ஒண்ணாங்க?"

"ரெண்டுக்கும் கதவு இருக்குல்ல? அவ்வளவுதான். அங்க நீ யாரோ, நான் யாரோ. புரிஞ்சுதா?"

"ரொம்ப நாளா புரிஞ்சுதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் ஊசியில் நூல் கோத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீட்டைப் பார்த்ததும் சாமான்காரர் அப்படியே அண்ணாந்துவிட்டார். வாசலில் அவ்வளவு பெரிய மரம். தரையெல்லாம் குளுகுளு. முன் அறையின் ஜன்னல் தெருவைப் பார்த்து, முக்காலி வைப்பதற்கென்றே கட்டின மாதிரி இருந்தது. எங்கே முகத்தில் சந்தோஷம் தெரிந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

முதலில் கதவைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "ம்ஹும்."

"என்ன சத்தம் கேக்குது?" என்றார் பல் டாக்டர்.

"ஒண்ணும் கேக்கல. அதான் பயமா இருக்கு. நல்ல மரம்னா பதில் சொல்லும்."

பிறகு சுவரை மோந்தார். "டாக்டர் சார், நீங்க பார்க்காத சொத்தையா? வெளியில பார்த்தா வெள்ளையாத்தான் இருக்கும். உள்ள ஒரு குச்சியை விட்டாத்தான் தெரியும்."

பல் டாக்டர் சுவரிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றார். அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இன்னும் இரண்டடி இழுத்தாள்.

வக்கீல் வாசலில் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். மரத்தை வெட்டினால் இரண்டு கார் நிறுத்தலாமா என்பது அவர் கவலை. சாமான்காரர் அங்கேயும் போனார்.

"இதை வெட்டினாலும் வேர் சும்மா இருக்குமா சார்? இத்தனை வருஷமா வீட்டுக்கு அடியில என்ன பண்ணிக்கிட்டு இருக்கும்னு நினைக்கறீங்க? ஒரு நாள் குளியலறையில குழாயைத் திறப்பீங்க. தண்ணி வராது. இலை வரும்."

வக்கீல் டேப்பைச் சுருட்டினார்.

மனைவி எங்கே என்று ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் சமையலறையில் நர்ஸம்மாவோடு நின்றுகொண்டிருந்தாள். என்னமாய் நடிக்கிறாள் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது. அவள் வெளியே வரும்போது வேண்டுமென்றே போய் லேசாக இடித்தார்.

"வழி விடுங்க மேடம்."

"பரவாயில்ல சார்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைச் சார் என்று கூப்பிட்டதில்லை. கேட்க நன்றாக இருந்தது. சுற்றி வந்து இன்னொரு தரம் இடித்தார்.

கடைசியில் நர்ஸம்மா முன்னால் போய் நின்று, பாதி விலையைச் சொல்லி, "அதுகூட எனக்கு இளகின மனசுங்கறதால," என்று முடித்துவிட்டு வெளியே நடந்தார். நர்ஸம்மா ஒரு பார்வை பார்த்தார். ஒரு வார்டையே அடக்கி வைத்த பார்வை அது. சாமான்காரருக்குக் காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தெருமுனை மரத்தடியில் காத்திருந்தார். பல் டாக்டரின் கார் போயிற்று. வக்கீலின் கார் போயிற்று. சாமான்காரர் குதிகாலில் எழும்பி எழும்பிப் பார்த்தார். மனைவி மட்டும் வரவில்லை. ஒருவழியாக வந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்ன ஆச்சு? தரமாட்டேன்னுட்டாங்களா?"

"தர்றேன்னுட்டாங்க."

"அப்புறம் ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்க? என்ன விலை?"

அவள் காதில் சொன்னாள். அவர் கேட்ட பாதி விலை இல்லைதான். ஆனாலும் புரோக்கர் சொன்னதைவிட நன்றாகவே குறைந்திருந்தது. சாமான்காரர் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பார்த்தியா, என் வாய். இந்த வாய்க்கு நீ தங்கத்துல மூடி போடணும்."

"முதல்ல மூடி போட்டிருக்கலாம். நீங்க யாருன்னு அந்தம்மா கண்டுபிடிச்சுட்டாங்க."

"எப்படி?"

"ரெண்டாவது தடவை இடிச்சீங்களே, அப்ப. முன்னப்பின்ன தெரியாத பொம்பளையை ஒரு ஆள் ரெண்டு தடவை இடிச்சா, ஒண்ணு பொறுக்கியா இருக்கணும், இல்லன்னா புருஷனா இருக்கணும். இவர் எதுன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"கொஞ்சம் யோசிச்சுட்டு, புருஷன்னு சொன்னேன்."

சாமான்காரர் மரத்திலிருந்து கையை எடுத்தார். அவள் மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். நர்ஸம்மா கொதித்துப்போய்விட்டாராம். வீடே இல்லை, வெளியே போ என்றாராம். அவள் கெஞ்சின கெஞ்சலில் கொஞ்சம் இறங்கி வந்து, கண்டிஷன் போட்டிருக்கிறாராம்.

"வீடு என் பேர்ல மட்டும்தான் எழுதுவாங்களாம். உங்க பேரைப் பார்த்தா அவங்களுக்கு ரத்தக்கொதிப்பு வருமாம்."

"உன் பேர்னா என்ன, என் பேர்னா என்ன. மேல சொல்லு."

"கடைச் சாமான் ஒண்ணுகூட அந்த வாசப்படி ஏறக்கூடாது. வீட்டுச் சாமான் ஒண்ணுகூட விலைக்கு இறங்கக்கூடாது."

சாமான்காரரின் மனசுக்குள் அந்த ஜன்னலோர முக்காலி தடாலென்று சாய்ந்தது.

"இதெல்லாம் அவங்களுக்கு எதுக்கு?"

"குடும்பம் குடியிருக்கற இடமாம். கீழ நாலு பேர் வந்து விலை பேசுனா மேல அவங்களுக்குத் தலைவலி வருமாம்."

"நானே போய் நயமா ரெண்டு வார்த்தை பேசிப் பார்க்கட்டுமா?"

"பேசலாம். ஆனா அவங்களா கூப்பிடற வரைக்கும் நீங்க அவங்க முகத்துக்கு நேரா வரக்கூடாதுங்கறதும் ஒரு கண்டிஷன்."

"இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா?"

"மரத்தைப் பழிச்சீங்கல்ல. அதுக்காகத் தினமும் காலைல வாசல்ல விழற இலையை நீங்களே கூட்டணுமாம். வேணாம்னா சொல்லுங்க, பல் டாக்டரைக் கூப்பிட்டுக் கொடுத்துருவாங்க."

பல் டாக்டர் என்றதும் சாமான்காரருக்கு ஆவேசம் வந்துவிட்டது. "அவன் யார் என் வீட்டுக்கு வர்றதுக்கு? துடைப்பத்தை எடு."

பத்திரம் பதிவான அன்றைக்குக்கூட அவர் பதிவு ஆபீஸுக்குள் போகவில்லை. எதிரில் இருந்த டீக்கடையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தன் வீட்டைத் தன் மனைவி வாங்குவதை மறைந்திருந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. கடைக்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், அதனால் வெளியே தெரியவில்லை.

குடி வந்தார்கள். அடேயப்பா, என்ன வீடு. காற்று கூப்பிடாமலே உள்ளே வந்தது. மகள் அறை அறையாக ஓடி, "இங்க ஒண்ணுமே இல்லப்பா, நேரா நடக்கலாம்," என்று நேராக நடந்து காட்டினாள். மனைவி ஒரு புது மேசை செய்யச் சொல்லி, நடு அறையில் போட்டு, நான்கு காலையும் தரையோடு சேர்த்துத் திருகாணி முடுக்கிவிட்டாள்.

"இது எதுக்கு?"

"நில நடுக்கம் வந்தா ஆடாது."

சாமான்காரர் விடிந்ததும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் இறங்குவார். அந்த மரம் இருக்கிறதே, அவர் பேசினதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒரு பக்கம் கூட்டி முடிப்பதற்குள் இன்னொரு பக்கம் கொட்டும். மேலே பால்கனியில் நர்ஸம்மா வந்து நிற்பார். முறைப்பார். இவர் மரத்துக்குப் பின்னால் போய்விடுவார். நர்ஸம்மா பால்கனியின் மறு ஓரத்துக்கு வந்து முறைப்பார். இவர் மரத்தின் மறு பக்கத்துக்கு வருவார். இப்படியே தினமும் மரத்தை அரைச்சுற்று சுற்றினார்.

எதிர்வீட்டு அம்மாள் ஒரு நாள் கூப்பிட்டு, "ஏம்பா, அப்படியே எங்க வாசலையும் கூட்டி விட்டுட்டுப் போயேன்," என்றார். நான் இந்த வீட்டுக்காரன் என்று சொல்ல வாயெடுத்தார். வீடு யார் பேரில் இருக்கிறது என்ற ஞாபகம் வந்தது. கூட்டிக் கொடுத்தார். நிழல் பக்கத்தில் அவரை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவர் கனவு கண்டதும் அதைத்தான். ஆனால் துடைப்பம் இல்லாமல் கண்டிருந்தார்.

இருந்தாலும் வியாபாரி ரத்தம் சும்மா இருக்குமா? ஒரு சாயங்காலம், ஒரே ஒரு முக்காலியைப் போர்வையில் சுற்றி, குழந்தையைத் தோளில் போட்ட மாதிரி போட்டுக்கொண்டு தெருவில் வந்தார். ஒரு முக்காலி உள்ளே போய்விட்டால் பின்னாலேயே ஒரு நாற்காலி போகும். மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வாசல் வரைக்கும் வந்துவிட்டார். பால்கனியில் நர்ஸம்மா. சாமான்காரர் தட்டிக்கொடுப்பதை வேகமாக்கினார். வாயால் தாலாட்டு மாதிரி ஒரு சத்தமும் போட்டார். அந்த நேரம் பார்த்துப் போர்வை நழுவி, குழந்தையின் கால் வெளியே வந்தது. இழைத்து வார்னிஷ் அடித்த கால்.

நர்ஸம்மா முறைத்தார். சாமான்காரர் குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடியே திரும்பிக் கடை வரைக்கும் நடந்தார்.

"அந்தம்மாவுக்கு முதுகுலகூடக் கண்ணு," என்று அன்றைக்கு மனைவியிடம் சொன்னார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, பொல்லாதவங்கன்னு," என்றாள் அவள். தன் மேசையில், தன் நாற்காலியில், இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படியே மாசங்கள் ஓடின. ஒரு காலையில் இவர் பாதி வாசல் கூட்டியிருந்தார். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நர்ஸம்மாவே இறங்கி வந்துகொண்டிருந்தார். சாமான்காரர் மரத்துக்குப் பின்னால் ஓடினார். நர்ஸம்மாவும் சுற்றி வந்தார். இவர் இன்னும் கொஞ்சம் சுற்றினார்.

"நில்லுங்க தம்பி. எனக்கு முட்டி வலிக்குது."

நின்றார்.

"இனிமே என்னால முடியாது. வேலையில இருந்தப்பகூட நான் இவ்வளவு முறைச்சதில்ல. நெத்தியெல்லாம் வலி. கண்ணாடியைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு. உங்களைப் பார்த்தா சிரிப்பு வேற வருது, அதை அடக்கிக்கிட்டு முறைக்கறது இருக்கே, சாமி. உங்க வீட்டுக்காரிகிட்ட நீங்களே சொல்லிருங்க."

"அம்மா, நான் உங்க கண்டிஷனை ஒண்ணுகூட மீறலையே. அந்த முக்காலி விஷயம் மட்டும்தான்."

"என்ன கண்டிஷன்? நான் ஒண்ணும் கேக்கலையே. அவதான் வந்து, 'எங்க வீட்டுக்காரரைப் பார்க்கறப்பெல்லாம் கொஞ்சம் முறைங்கம்மா'ன்னு கேட்டுக்கிட்டா. நல்ல பொண்ணு, ஆசையா கேக்கறாளேன்னு ஒத்துக்கிட்டேன்."

சாமான்காரர் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டார். "அப்ப, நான் ரெண்டு தடவை இடிச்சதுல கண்டுபிடிச்சது?"

"இடிச்சீங்களா? நான் பார்க்கலையே. நீங்க கதவுல காது வெச்சுக் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே, அப்பவே சமையலறையில வந்து சொல்லிட்டா. அது எங்க வீட்டுக்காரர், தொழில் பழக்கம், மனசுல வெச்சுக்காதீங்க, எங்களுக்கு வீடு ரொம்பப் பிடிச்சிருக்குன்னா. மத்தவங்க மாதிரி மரத்தை வெட்டணும்னும் சொல்லல. விலையை நேரா கேட்டா, குறைச்சுக் கொடுத்தேன்."

"அப்ப நான் அவ்வளவு பேசுனது?"

"அது இல்லாம இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் குறைச்சிருப்பேன்."

சாமான்காரர் துடைப்பத்தை மரத்தில் சாய்த்தார். தலைத் துண்டை அவிழ்த்து உதறினார். கண்டிஷன் இல்லை. அப்படியென்றால் முன் அறை இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, கட்டிலுக்கு அடியில் போர்டு இருக்கிறது. கோபம் பாதி, குஷி பாதியாக உள்ளே பாய்ந்தார். மனைவி மேசையில் துணியை விரித்து மெத்தை உறை வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் நிமிராமலே கேட்டாள்.

"நர்ஸம்மா சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க."

"இலை கொட்டி முடியற வரைக்கும் பொறுத்துக்குங்கன்னு அவ்வளவு கேட்டுக்கிட்டேன். பாவம், அவங்களும் எத்தனை நாளைக்குத்தான் முறைப்பாங்க."

"அது இருக்கட்டும். இனிமே கண்டிஷன் கிடையாது. நாளைக்கே முன் அறையில கடை."

"தாராளமா. வாடகை என்ன தருவீங்க?"

"வாடகையா? யாருக்கு?"

"வீடு யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு."

சாமான்காரரின் கை தானாகவே எழுந்து முன் அறைச் சுவரைத் தட்டியது. மூக்கு தானாகவே சுவரோரம் போயிற்று.

"ஈர வாசனை அடிக்குதே. ஜன்னல்ல வெளிச்சமும் கம்மி. இதுக்குப் போய் என்ன பெருசா வாடகை."

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தாள். நர்ஸம்மாவிடம் கற்றுக்கொண்டாளா, நர்ஸம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தவளே இவள்தானா என்று தெரியாத பார்வை.

"வாடகையை அப்புறம் பேசலாம். முதல்ல போய் வாசலை முடிங்க. கூட்டற ஆள் ஏன் பாதியில விட்டுட்டுப் போயிட்டான்னு எதிர்வீட்டம்மா ரெண்டு தடவை சத்தம் போட்டுக் கேட்டுட்டாங்க."